ஆமைச் சண்டை தானா அடங்காது

ஒரே தொட்டியில வளர்க்கிற ரெண்டு செங்காது ஆமை (காதடியில சிவப்புக் கோடுள்ள வளர்ப்பு ஆமை) கடிபடுது, என்ன செய்யிறது எண்டு கேட்டதுக்கு, "ரெண்டு நாள் கடிபடும், பிறகு பழகிடும், பிரிக்க வேண்டாம்" எண்டு ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். குறை நினைக்காதேங்கோ அண்ணை, அது நாய்க்குட்டிக்குச் சரி. செங்காது ஆமை துணை தேடுற சீவனில்லை. குளத்தில எண்டால் தோத்தது நீந்தி ஒதுங்கிடும். மூண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள்ள எங்க ஓடுறது?

ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடக்கிறதும் பாசமில்லை, வெயில் காயுற இடத்துக்கான போட்டி. முன்கால் நகத்தை மற்றதின்ர முகத்துக்கு முன்னால நடுங்க வைக்கிறது ஆண் பெண்ணை மயக்கிற வேலை. ரெண்டும் ஆண் எண்டால் அது அதிகாரம் காட்டுறது. இங்க போட்ட, நகம் நடுங்க வைக்கிற வீடியோவுக்குத்தான் "செல்லம் கொஞ்சுதுகள்" எண்டு எல்லாரும் இதயம் போட்டிருக்கிறியள்!

கழுத்திலயோ வாலிலயோ கடிகாயம் கண்டால் அண்டைக்கே வேறாக்குங்கோ. அவசரத்துக்கு ஒரு பெரிய பேசின் காணும். தொட்டிக்கு நடுவில தடுப்பு வைக்கிறதெண்டால் ஒண்டையொண்டு காணாத மாதிரி வையுங்கோ, கண்ணாடித் தடுப்பால பிரயோசனமில்லை. காயம் ஆழமெண்டால் மிருக வைத்தியர்தான். சின்னச் சீண்டலுக்கு, வெயில் காய ரெண்டு இடமும் தனித்தனிச் சாப்பாடும் ஓரளவு உதவும். ஆனால் ரெண்டு ஆணை ஒரே தொட்டியில வைக்கிறதை நான் மறந்தும் சொல்லமாட்டன்.

"கடிக்கிற ஆமையை இரணைமடுக் குளத்தில விட்டிடுறன்" எண்ட தம்பி, தயவுசெய்து வேண்டாம். அது அமெரிக்கச் சாதி, எங்கட ஊர்க் குளத்து ஆமையான பாலாமையின்ர சாப்பாட்டிலயும் இடத்திலயும் கை வைக்கும். வளர்க்க விருப்பமான ஆருக்கும் குடுங்கோ.