டெக்குக்கும் வரியா? செவ்வாய்க்கிழமை வந்து கேளுங்கள்

மறுபடியும் ஒரு கவர். வீட்டு வரியின் ஆகஸ்ட் தவணையைக் கட்டி மூச்சு விடவில்லை, நவம்பர் தவணைச் சீட்டு ஃப்ரிட்ஜில் காந்தத்துக்கு அடியில் முறைத்துக்கொண்டிருக்கிறது, அப்புறம் இது எதற்கு என்று பிரித்தால், ‘ஆடட் அசெஸ்மெண்ட்’, அதாவது வீட்டில் புதிதாகச் செய்த வேலைக்குக் கூடுதல் வரி. நியூ ஜெர்சியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டில் எதையாவது நல்லது செய்திருக்கிறீர்கள், அதை மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நாங்கள் செய்த நல்லது என்ன தெரியுமா? மழையிலும் பனியிலும் மக்கிப்போய், கால் வைத்தால் உள்ளே போகும் நிலையில் இருந்த டெக்கை, அதான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரத் திண்ணையை, பிரித்துப் புதிதாகப் போட்டோம். நீச்சல் குளமா கட்டினோம்? பர்மிட்டுக்குப் பணம் கட்டினோம், அஸ்திவாரக் குழி பார்க்க ஒருவர் வந்தார், மரச்சட்டம் பார்க்க ஒருவர் வந்தார், கடைசியாகக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு ‘அருமையான டெக்’ என்று சொல்லிவிட்டு ஒருவர் போனார். அந்தப் பாராட்டுக்குத்தான் இப்போது பில் வந்திருக்கிறது.

சரி, போய்க் கேட்போம் என்று டவுன் ஆபீசுக்குப் போனேன். வரி வாங்கும் கவுண்டரில் ஒரு அம்மாள். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். “இது அசெஸர், வீட்டுக்கு மதிப்புப் போடுகிறவர், போட்டது, நாங்கள் வசூல் மட்டும்தான்.” அசெஸர் எங்கே? பக்கத்து அறை. பக்கத்து அறை பூட்டியிருக்கிறதே? “அவர் செவ்வாய் சாயங்காலம் மட்டும் வருவார்.” இன்றைக்குச் செவ்வாய்தானே அம்மா? “ஆமாம், ஆனால் இந்த வாரம் வரமாட்டார்.” அடுத்த வாரம்? “போன் பண்ணிவிட்டு வாருங்கள்.” போன் பண்ணினால் யார் எடுப்பார்கள்? “அவர்தான்.” எப்போது இருப்பார்? “செவ்வாய் சாயங்காலம்.”

அவருக்கு வேறு ஊர்களிலும் இதே உத்தியோகமாம். ஒரே மனிதர் ஊர் ஊராகப் போய் எல்லார் வீட்டு டெக்குக்கும் விலை வைக்கிறார். அப்பீல் பண்ணலாமா என்றால், தாராளமாகப் பண்ணலாம், டிசம்பர் 1-க்குள், ஆனால் வரியை முதலில் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால்? முதல் 1,500 டாலருக்கு 8 சதவீதம் வரை, அதற்கு மேல் 18 சதவீதம் வரை வட்டி, அதுவும் கெடு தேதியிலிருந்தே கணக்கு. நம் ஊர்க் கந்துவட்டிக்காரராவது திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்திருப்பார். கடுப்பில் கார்டை நீட்டினேன், தொலையட்டும் என்று. “கார்டு என்றால் கன்வீனியன்ஸ் ஃபீ உண்டு.” யாருடைய கன்வீனியன்ஸ் அம்மா அது? பதில் இல்லை. செக் புத்தகம் எடுக்க வீட்டுக்குத் திரும்பினேன். வந்து பார்த்தால் கவுண்டர் மதிய உணவுக்குச் சாத்தியிருக்கிறது.

இந்த லட்சணத்தில், போன வாரம் ஒரு ஃபேர்வெல் பார்ட்டியில் ஒருவர் கேட்கிறார், “ஏன் சார் எல்லாரும் டெக்சஸ் போகிறார்கள்?” என்று, ஏதோ பெரிய புதிர் மாதிரி. இந்த மாநிலத்தின் சராசரி வீட்டு வரி 2024-இல் 10,000 டாலரைத் தாண்டியது. நாட்டிலேயே முதலிடம், கப்பு ஒன்றுதான் பாக்கி. தமிழ்நாட்டில் கால்வாசிகூட இல்லாத ஒரு மாநிலத்தில் 564 நகராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு கவுன்சில், ஒரு கிளார்க், ஒரு பூட்டிய அறை. வரிப் பணத்தில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது, பள்ளிக்கூடங்கள் நன்றாகவே இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கடைசிப் பிள்ளை பட்டமளிப்புத் தொப்பியை மேலே வீசி, அது கீழே விழுவதற்குள் அப்பா ரியல் எஸ்டேட் ஏஜெண்டுக்குப் போன் போட்டுவிடுகிறார்.

இங்கே கட்டுகிற வரியை ஃபெடரல் வருமான வரிக் கணக்கில் முழுக்கக் கழித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 2017-இல் வந்த சட்டம், மாநில வருமான வரி, வீட்டு வரி எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் கழிக்க முடியாது என்று கதவைச் சாத்தியது. எங்களுக்கு வீட்டு வரி ஒன்றுக்கே அது போதவில்லை. 2025-இல் 40,000 ஆக்கியிருக்கிறார்கள், நல்லது, அதற்குள் எங்கள் தெருவில் பாதிப் பேர் போய்விட்டார்கள். ஒரு குடும்பம் ஃபுளோரிடாவில் டாம்பா, அங்கே மாநில வருமான வரியே கிடையாது. இன்னொரு குடும்பம் வட கரோலினாவில் கேரி, அங்கே எல்லாருக்கும் ஒரே விகிதம், 2026-இல் 3.99 சதவீதம். கொஞ்சம் சோம்பேறிகள் டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவில் 3.07 சதவீதத்தில் உட்கார்ந்துகொண்டு, சனிக்கிழமையானால் எங்கள் பக்கத்து இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டுக்குத் தோசை சாப்பிட வந்து, எங்கள் பார்க்கிங்கையும் பிடித்துக்கொள்கிறார்கள்.

போகிறவர்களையாவது சும்மா விடுகிறார்களா? வீட்டை விற்றுவிட்டு வேறு மாநிலம் போகிறாயா, விலக்கு எதிலும் வராவிட்டால் லாபத்தில் 10.75 சதவீதம் அல்லது விற்ற விலையில் 2 சதவீதம், எது அதிகமோ அதை வைத்துவிட்டுப் போ. ஊரெல்லாம் இதை ‘எக்ஸிட் டாக்ஸ்’ என்கிறது. அதிகாரிகளோ, அது தனி வரி இல்லை, முன்பணம்தான், கணக்குத் தாக்கல் செய்தால் மிச்சம் திரும்ப வரும் என்கிறார்கள். வருமாம். செவ்வாய் சாயங்காலம் என்று நினைக்கிறேன்.

மாநிலம் இதற்கெல்லாம் கவலைப்படாது. ஒரு வண்டி டெக்சஸுக்குக் கிளம்பினால் இன்னொரு குடும்பம் நேவார்க்கில் விமானம் விட்டு இறங்குகிறது, நல்ல பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டுக்கொண்டே. பாவம், அவர்களுக்கும் ஒரு டெக் இருக்கும்.

ஆற்றாமையில் டெக்சஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கும் நண்பனைப் போனில் கூப்பிட்டேன். வயிறெரிய வைப்பான் என்று தெரிந்தேதான். “மச்சி, வருமான வரி இல்லைதான், 2019-இல் அரசியல் சட்டத்திலேயே தடை போட்டுவிட்டார்கள்,” என்று கெத்தாக ஆரம்பித்தான். அப்புறம் குரல் இறங்கியது. வீட்டு வரி அங்கேயும் தீட்டுகிறார்களாம். வருஷா வருஷம் வீட்டின் மதிப்பை ஏற்றுகிறார்களாம், வருஷா வருஷம் மே மாதம் அது அதிகம் என்று இவன் புரொட்டஸ்ட் போடுகிறானாம், அதற்கென்றே ஒரு கம்பெனி, குறைத்த தொகையில் அவர்களுக்குப் பங்கு. ஆலங்கட்டி மழையில் கூரை போய், இன்சூரன்ஸ் ஏறி, ஆகஸ்ட் மாத ஏசி பில்லைப் பெண்டாட்டியிடம் காட்டாமல் ஒளித்துவைத்திருக்கிறானாம். “டெக் போட்டாயாடா?” என்று கேட்டேன். “இந்த வெயிலில் டெக்கில் எவன்டா உட்காருவான்?” என்றான். ரெண்டு பேரும் சிரித்தோம், ரொம்ப நேரம், வேறு என்ன செய்வது?

எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன், அந்தப் பையை மட்டும் மன்னிக்க மாட்டேன். 2022-இலிருந்து பெரிய மளிகைக் கடைகளில் பிளாஸ்டிக் பை கிடையாது, காகிதப் பைகூடக் கிடையாது, துணிப்பை மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அது எப்போதும் காரிலேயே இருக்கும், நான் கடைக்குள்ளே இருப்பேன். வீட்டு டெலிவரி சொன்னாலும் ஒவ்வொரு தடவையும் புதுப் பை. ஊரைவிட்டுப் போகிற ஒவ்வொருவரும் “உங்களுக்கு உபயோகப்படும்” என்று அவர்கள் பைகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். கராஜில் காரை நிறுத்த இடமில்லை, முழுக்கப் பை. யாருக்காவது வேண்டுமா? வந்து எடுத்துக்கொண்டு போங்கள், டெலிவரிக் கட்டணம் கூட நானே தருகிறேன்.