அம்லோடிபினும் அட்ரீனல் சுரப்பியும்

இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர் இல்லாத வீடு இன்று அரிது. இரத்தக் குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழையும் வாயிலை அடைத்துக் குழாயை விரிப்பதே அதன் வேலை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும், உடலில் உப்பைத் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்தும் அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கக் கால்சியத்தையே நம்பியிருப்பதால், குழாயை விரிக்கும் மருந்து மிகையாகச் சுரக்கும் சுரப்பியையும் அடக்குமா என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

அல்டோஸ்டீரோனைப் பெருக்கும் கட்டிகள் பலவற்றில் கேசிஎன்ஜே5 என்ற மரபணு பழுதாகியிருப்பது 2011-இல் தெரியவந்தது. பொட்டாசியத்தை மட்டும் விடவேண்டிய வாயில் சோடியத்தையும் உள்ளே விட, செல்லின் மின்நிலை குலைந்து, கால்சியம் வாயில்கள் திறந்து, சுரப்பு ஓயாமல் தொடர்கிறது. 2013-இல் கால்சியம் வாயிலுக்கான மரபணு ஒன்றிலேயே பழுது கண்டறியப்பட்டது. ஆனால் அந்த வாயில், இரத்தக் குழாயில் இருப்பதைப் போல அம்லோடிபின் வகைக்கு எளிதில் மசிவதில்லை. வேறு வகைக் கால்சியம் வாயிலையும் சேர்த்து அடைக்கும் பெனிடிபினை ஜப்பானில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இவை நல்ல ஆய்வுகள்தாம். ஆனால் அல்டோஸ்டீரோன் மிகையாகச் சுரக்கும் இந்த நோய் இருப்பதே தெரியாதவருக்கு எந்த மருந்தைக் கொடுத்து என்ன பயன்? என் அத்தை பதினோரு ஆண்டுகள் மாத்திரைக்கு மேல் மாத்திரையாக மூன்று வகை சாப்பிட்டார். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்போதெல்லாம் வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்தோம். பொட்டாசியம் 2.8 என்று வந்த பிறகுதான் ஒரு மருத்துவர் அல்டோஸ்டீரோனையும் அதன் சுரப்பைத் தூண்டும் ரெனினையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் மருத்துவர் ஜெரோம் கான் 1954-இல் ஆராய்ந்த 34 வயதுப் பெண்ணுக்கும் இதே குறைந்த பொட்டாசியமும் தசைத் தளர்ச்சியும்தான்; அட்ரீனல் கட்டியை அகற்றியதும் அவர் தேறினார்.

பரிசோதனைக்கு முன் சில மாத்திரைகளை மாற்ற வேண்டிவரும் என்பது உண்மையே. அப்போது கைகொடுப்பவையும் வெராபமில், ஹைட்ரலசின் போன்ற, குழாயை விரிக்கும் மருந்துகளே. இரத்தக் கொதிப்புள்ள அனைவருக்கும் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கும், ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியின் 2025 வழிகாட்டுதலை நம் மருத்துவர்கள் தள்ளிவைக்கக் கூடாது என்பேன். அத்தை இப்போது அல்டோஸ்டீரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறார். தைலக் குப்பி அலமாரியில் அப்படியே இருக்கிறது.