மானிட்டரில் எண் ஏறியது, அலையால் அல்ல

அப்பாவோடு பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது நன்றாக இருக்கிறார். விசாரித்த எல்லாருக்கும் நன்றி. போன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும்.

இரண்டாம் நாள் ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும். மூச்சிரைப்பு அடங்கி அப்பா அப்போதுதான் கண் அசந்திருந்தார். தலைமாட்டு மானிட்டரில் நாடித்துடிப்பு 74. அந்தப் பச்சை எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எழுபதுகளில் நின்றுவிட்டால் நானும் நாற்காலியில் கொஞ்சம் சாயலாம். திரைக்கு அந்தப் பக்கம் நான்காம் கட்டிலில் ஒரு போன் அடித்தது. முழு வால்யூமில் சினிமாப் பாட்டு. பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகும்வரை யாரும் எடுக்கவில்லை.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 81. 90. 98. எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது பழையபடி இறங்க இருபது நிமிஷம் ஆனது. தூக்கம் அன்றைக்குத் திரும்பவே இல்லை.

வார்டு வாசலில் ஒரு போர்டு உண்டு. செல்போன் படத்தின் மேல் சிவப்புக் கோடு, கீழே "செல்போன் அலைகள் மருத்துவக் கருவிகளைப் பாதிக்கும்" என்று ஒரு வரி. பாதித்ததைத்தான் என் கண்ணால் பார்த்துவிட்டேனே! ஆனால் அலை வழியாக இல்லை, காது வழியாக.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். புத்தி சும்மா இருக்குமா? தூக்கம் வராத ராத்திரிகளில் அந்தப் போர்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரியை எழுதிய காலத்தில் அதில் நியாயம் இருந்தது. பழைய 2ஜி போன் ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால், கால் வருவதற்குச் சற்று முன்பே ஸ்பீக்கர் "டிட்டிடிட் டிட்டிடிட்" என்று உறுமும். ஜிஎஸ்எம் எனப்படும் அந்த 2ஜி போன் அலையைத் தொடர்ச்சியாக அனுப்பாது, வினாடிக்கு 217 தடவை விட்டுவிட்டுத் துப்பும். அதிகபட்ச சக்தி 2 வாட். ஸ்பீக்கரின் ஒயருக்குள் புகுந்த அந்தத் துடிப்பு மருந்து ஏற்றும் ஒரு பம்பின் ஒயருக்குள் புகாது என்று யார் உத்தரவாதம் தருவது? பிரிட்டனில் 1997இல் 18 இடங்களில், 178 மாடல் கருவிகளை வைத்துச் சோதித்தார்கள். செல்போன் 1 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது 4 சதவீதம் கருவிகள் தடுமாறின. போலீஸ், ஆம்புலன்ஸ்காரர்களின் வாக்கி-டாக்கிகளுக்கோ 41 சதவீதம்! ஆனால் போர்டில் படம் போடப்பட்டதென்னவோ செல்போனுக்குத்தான்.

2007இல் வந்த இரண்டு ஆய்வுகளையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இரண்டும் எதிரெதிராகப் பேசுவதுபோல் இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கருவிகள் 61ஐ எடுத்துச் சோதித்ததில் 26 கருவிகள் தடுமாறின. கேட்டால் வயிற்றைக் கலக்கும். ஆனால் பெரும்பாலான தடுமாற்றங்கள் போனைக் கருவிக்கு வெகு அருகில் கொண்டுபோனபோது நடந்தவை, பாதிக்குப் பாதி 3 சென்டிமீட்டருக்குள். அதாவது போனை வென்டிலேட்டரின் மேலேயே வைத்த மாதிரி. அதே ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், நோயாளிகள் படுத்திருக்கும் 75 அறைகளில், 192 கருவிகளுக்குப் பக்கத்தில், நாம் பேசுகிற மாதிரியே பேசி 300 தடவை சோதித்தார்கள். சிகிச்சையைப் பாதிக்கும் தடுமாற்றம் ஒன்றுகூட இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைப்பது ஒன்றுதான்: போனைக் கருவியின் மேலும் ஒயரின் மேலும் வைக்காதே, ஒரு கை தூரம் தள்ளி நில்.

அதற்குப் பிறகு போனும் மாறிவிட்டது, கருவியும் மாறிவிட்டது. 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான் அனுப்பும். மருத்துவக் கருவிகளுக்கான மின்காந்தத் தரவிதியை 2014இல் திருத்தியபோது, 30 சென்டிமீட்டர் நெருக்கத்தில் போன் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே சோதிக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு வேடிக்கை: சிக்னல் குறைந்த இடத்தில் போன் சக்தியைக் கூட்டித்தான் கத்தும். கனத்த சுவருக்குள் டவர் கிடைக்காமல் தவிக்கும் போன்தான், நல்ல சிக்னலில் இருக்கும் போனைவிட அதிகமாக அலையைக் கொட்டுகிறது.

அதற்காக அலை, காந்தம் பற்றிய பயம் எல்லாமே பொய் என்று சொல்லமாட்டேன். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் போனைச் சட்டைப் பையில் போடக்கூடாது, 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். சமீபத்திய சில போன்களின் முதுகில் சார்ஜர் ஒட்டுவதற்காகக் காந்த வளையம் வைத்திருப்பதால் இது இன்னும் முக்கியம். எம்ஆர்ஐ அறைக்குள் போனைக் கொண்டே போகக்கூடாது. அங்கே இருக்கும் 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் முப்பதாயிரம் மடங்கு. ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அது ஓய்வதில்லை. (2018இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் எம்ஆர்ஐ நிறுவும்போது ஹீலியம் கசிந்து, கட்டடத்தில் இருந்த ஐபோன்கள் கொத்தாகச் செயலிழந்தன. மற்ற போன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவமனைக் கருவி போனைக் கெடுத்த கதையும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.)

சரி, வார்டுக்கு வருகிறேன்.

மறுநாள் காலையில் நான்காம் கட்டில் பெரியவருக்குத் துணையாக இருந்த அவர் தம்பியிடம் போய், "ஐயா, ராத்திரியில போனை வைப்ரேட்ல போட்டு வெச்சுக்க முடியுமா?" என்று கேட்டேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "எனக்குக் காது மந்தம்மா. வெளிநாட்டுல இருக்கிற பொண்ணு அந்த நேரத்துலதான் கூப்பிடும், அண்ணன் எப்படி இருக்கார்னு கேக்க. தெரியாமப் போயிடக்கூடாதேன்னு சத்தமா வெச்சேன்" என்றார். வைப்ரேட் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் மாற்றிக் கொடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டி அவர் கேட்டார்: "அந்த போர்டுல மிஷினு கெட்டுப்போகும்னுதானே போட்டிருக்கு? தூங்கறவங்க முழிச்சுக்குவாங்கன்னு போடலையே?"

நோயாளிகள் தூங்கும் அறையில் ராத்திரி சத்தம் சராசரியாக 30 டெசிபலைத் தாண்டக்கூடாது, இடையில் எழும் சத்தம்கூட 40க்குள் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே எழுதி வைத்திருக்கிறது. 30 என்பது கிட்டத்தட்ட கிசுகிசுப்பு. கருவிகளின் அலாரத்திலேயே அது பறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அலாரம் ஒரு காரணத்துக்காக அடிக்கிறது. ஸ்பீக்கரில் போட்டு ரீல்ஸ் பார்ப்பது எந்தக் காரணத்துக்காக?

சத்தத்தைவிட என்னைச் சுட்டது கேமராதான். நான்காம் நாள், பார்வையாளர் நேரம். எதிர்க் கட்டிலுக்கு வந்த ஒருவர் வீடியோ காலில் இருந்தார். "இதோ பாருங்க மாமா, எவ்வளவு பெரிய வார்டு பாருங்க" என்று போனை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தச் சுற்றில் அப்பாவும் விழுந்தார். முன்பக்கம் நாடா அவிழ்ந்த கவுன், கட்டிலின் ஓரத்தில் தொங்கும் சிறுநீர்ப் பை, வாயைச் சுற்றி மாஸ்க். வாழ்நாள் முழுக்கச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்ட மனுஷர் அவர். ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த மாமா யாரோ, எங்கே இருக்கிறாரோ! வீடியோ காலில் காட்ட அவரவர் வீட்டு நோயாளி முகம் போதாதா?

கையைப் பற்றி ஒரே வார்த்தை. துருக்கியில் 2009இல் மருத்துவமனை ஊழியர்கள் 200 பேரின் போன்களைத் துடைத்துப் பார்த்ததில் 94.5 சதவீதத்தில் கிருமி இருந்தது. ஊழியர்கள் கதி அது என்றால், கழிவறைக்கும் போனைக் கொண்டுபோகிற நம் கதி என்ன? நானும் கைகழுவும் திரவத்தைப் பூசிப் பூசித் தேய்த்துவிட்டு, உடனே போனை எடுத்து நோண்டிவிட்டு, அதே கையால்தான் அப்பாவின் மாஸ்க்கைச் சரிசெய்திருக்கிறேன். ஒரு சிஸ்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து போனையும் ஸ்பிரிட் துணியால் துடைக்கிறேன்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் காலை ரவுண்ட்ஸ். டாக்டர் வரும்போது என் காதில் சித்தி. "ஒரு நிமிஷம் சித்தி" என்று சொன்னேனே தவிர கட் பண்ணவில்லை. டாக்டர் ஃபைலைப் புரட்டியபடி ஏதோ சொன்னார், நான் தலையை ஆட்டினேன். நாற்பது வினாடி இருக்கும். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது, தண்ணீர், கஞ்சி, டிரிப்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது என்பது. அப்பா கேட்கக் கேட்க நான் டம்ளர் டம்ளராகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை எடை ஒன்றேகால் கிலோ கூடி, கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழுந்தது. "நேத்து டாக்டர் உங்ககிட்டதானே சொன்னார், அக்கா?" என்று சிஸ்டர் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர்களுக்கும் இது நடக்கும். 2011இல் அமெரிக்காவில், மருத்துவர்கள் பாடம் கற்பதற்காக ஒரு சம்பவத்தை வெளியிட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் பயிற்சி மருத்துவர் தன் போனிலேயே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் நட்பு வட்டத்திலிருந்து பார்ட்டி பற்றி ஒரு மெசேஜ். பதில் போட்டார், உத்தரவை முடிக்க மறந்தார். மாத்திரை தொடர்ந்தது, இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டி, நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துதான் அந்த நோயாளியைக் காப்பாற்றினார்கள். அந்த மெசேஜ் எந்தக் கருவியையும் கெடுக்கவில்லை.

ஆனாலும் போனை வாசலிலேயே வாங்கி வையுங்கள் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அப்பா அட்மிட் ஆன ராத்திரி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டியூட்டி டாக்டர் கேட்டபோது, என் போனில் இருந்த அட்டைகளின் படம்தான் பதில் சொன்னது. நடுராத்திரியில் எடுத்த ஈசிஜியை அவர் போனில்தான் படம் பிடித்து இதய மருத்துவருக்கு அனுப்பினார், அதுவும் சரியாக அந்த போர்டுக்குக் கீழே நின்று! கொரோனா காலத்தில் எத்தனை பேர் பெற்றவர்களைக் கடைசியாகப் பார்த்தது ஒரு நர்ஸ் தூக்கிப் பிடித்த திரையில்தான் என்பதை மறந்துவிட முடியுமா? மூன்று நாள் மாஸ்க் போட்டிருந்தபோது அப்பாவால் பேச முடியாது. கையெழுத்தும் நடுங்கியது. போனில் ஒற்றை விரலால் தட்டிக் காட்டுவார். "முதுகு". "லைட்". "நீசாப்டியா". இடைவெளி விடத் தெரியாது அவருக்கு.

ஆகவே கோபித்துக்கொண்ட சொந்தங்களே, கணக்கைக் கேளுங்கள். மூன்றாம் நாள் மட்டும் எனக்கு 41 கால். எல்லாருக்கும் அதே பதில், எல்லாரிடமிருந்தும் ஒரு யோசனை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். அக்கறைதான், தெரியும். ஆறாம் நாளிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப குரூப்பில் ஒரே ஒரு செய்தி போட்டுவிட்டு, போனை சைலண்டில் வைத்தேன். அந்த ஏழு மணிச் செய்தியைப் படித்துவிட்டு "சரி" என்று மட்டும் போட்ட பெரியம்மா மகனை அந்தப் பதினோரு நாளில் எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்று, சார்ஜர். தலைமாட்டு பிளக்கில் செருகியிருப்பது எது என்று பார்க்காமல் பிடுங்காதீர்கள். ஒருவர் சிரிஞ்ச் பம்பின் ஒயரைக் கழற்றிவிட்டுத் தன் போனைச் செருகியதைப் பார்த்தேன். உள்ளே பேட்டரி இருந்ததால் பம்ப் நிற்கவில்லை, முக்கால் மணி நேரம் கழித்துக் கத்த ஆரம்பித்தது.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஃபைல் வர நேரமானது. அந்த போர்டை எடுத்துவிட்டு, "சைலண்டில் போடுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம். அடுத்தவரைப் படம் எடுக்காதீர்கள். டாக்டர் பேசும்போது போனை வையுங்கள்" என்று நாலு வரி எழுதினால் என்ன என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன்.

"எழுதலாம் அக்கா. ஆனா இந்த போர்டு நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு. எடுக்கணும்னா யார் வெச்சதுன்னு கண்டுபிடிச்சு அவங்ககிட்ட கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கையிலிருந்த ஊசியை எடுக்கப் பஞ்சைத் தேடினார்.