அந்தக் கண்களுக்குப் பின்னால் இருந்த பயிற்சி

கிரேக்கத் திரைப்பட நடிகை ஐரீன் பாப்பாஸைப் பற்றிய உங்கள் கட்டுரைக்கு நன்றி. ஆனால் அதில் அவர் நடிப்பை 'பிறவி வரம்' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிரீஸின் கொரிந்து நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே ஏதென்ஸ் நாடகப் பள்ளியில் சேர்ந்து குரல், நடனம் எல்லாம் முறையாகப் படித்தார். அங்கே சொல்லிக்கொடுத்த பழைய பாணி நடிப்பு பிடிக்காமல் முரண்டு பிடித்து, ஒரு வருடம் திரும்பப் படிக்க வேண்டி வந்தது. 1948-இல்தான் படிப்பை முடித்தார். இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எப்படி எழுதுவது?

அந்தப் பயிற்சியின் பலனைப் பார்க்க 'சோர்பா' (1964) போதும். விதவையாக வருகிறார், வசனம் என்று பார்த்தால் மிகச் சொற்பம். ஊர் மொத்தமும் அவரைச் சூழ்ந்து நிற்கும் காட்சியில் அந்த உடம்பும் கண்ணும்தான் பேசுகின்றன. 'ட்ரோஜன் பெண்கள்' (1971) படத்தில், ட்ராய் போருக்குக் காரணமான பேரழகி ஹெலனாக அறிமுகமாகும்போது முகமே தெரியாது. மரப்பலகைகளின் இடுக்கு வழியே இரண்டு கண்கள் அலைகின்றன, அவ்வளவுதான்! நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

காகோயானிஸ் இயக்கிய 'எலெக்ட்ரா' (1962), 'இஃபிஜீனியா' (1977) இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் தாய் கிளைட்டெம்னெஸ்ட்ராவை வெறுக்கும் மகள்; பதினைந்து வருடம் கழித்து அந்தத் தாயாகவே வருகிறார். நடுவில் கிரீஸின் ராணுவ ஆட்சியை எதிர்த்து, நாட்டைவிட்டு வெளியே வாழ்ந்த வருடங்களும் உண்டு. கட்டுரையில் அதையும் சேர்த்தால் நன்றாக இருக்கும்.