படபடப்பு எல்லாமே மன அழுத்தம் இல்லை

பெண்களுக்கு வரும் அசதி, படபடப்பு, எரிச்சல் எல்லாவற்றையும் மன அழுத்தம் என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. ரத்தசோகைக்கும் இதே அறிகுறிகள்தான். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அப்படியிருக்க, "ரொம்ப யோசிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பலாமா?

எங்கள் அண்ணி முறத்தில் அரிசி புடைக்கும்போதே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார். சின்ன வயசுப் பழக்கம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கும், நகம் வெளுத்துப் போயிருக்கும். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 7. (பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை.) பச்சரிசி, சாம்பல், ஐஸ்கட்டி தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று அப்போதுதான் டாக்டர் சொன்னார்.

இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதையும் தள்ளிப்போடுங்கள், இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. ரத்தம் சரியாக இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் மனசு பாரமாக, தூக்கம் இல்லாமல் இருந்தால், அப்புறம் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்; அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.