2007 கிண்ணம் யாருடையது?

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் என் மகனையும் உட்லண்ட்ஸ் விளையாட்டரங்கத்துக்கு அழைத்துப் போனேன். மார்சிலிங் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். அப்பாவுக்கு மூட்டுவலி, பாதி வழியில் நின்று நின்றுதான் வந்தார். உள்ளே ஓடுதளத்தில் நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். புல்தரையில் ஒருவரும் இல்லை. அப்பா தன் பழைய இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"தாத்தா, இங்க எந்த டீம் விளையாடும்?" என்று கேட்டான் மகன்.

"வெலிங்டன்."

"இப்ப அவங்க எங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. அவருக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்.

உட்லண்ட்ஸ் வெலிங்டன் என்று சிங்கப்பூரில் ஒரு காற்பந்துக் குழு இருந்தது. 1988இல் வெலிங்டன் என்ற பெயரில் தொடங்கியது. செம்பவாங்கில் இன்றும் வெலிங்டன் சர்க்கிள் என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம். என் தாத்தா அங்கேதான் வேலை பார்த்தார். தமிழரும் மலையாளிகளும் அங்கே குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலும் கடற்படைத் தளத்துத் தொழிலாளர்களால் உருவானதுதான். வேலை முடிந்தால் கோயில், இல்லாவிட்டால் பந்து. அப்பா வளர்ந்தது அப்படி. வெலிங்டன் என்ற பெயரைக் கேட்டதுமே அவருக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பெயரைக் கேட்ட மாதிரி இருக்கும்.

அதற்கு முன்பெல்லாம் சிங்கப்பூர் அணி மலேசியப் போட்டிகளில்தான் ஆடும். 1994இல் ஷா ஆலமில் பஹாங் அணியை 4-0 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தோம். அதோடு மலேசியப் போட்டிகளிலிருந்து சிங்கப்பூர் விலகியது. 1996 ஏப்ரலில் நமக்கென்று எஸ்.லீக் என்ற உள்ளூர்க் காற்பந்து லீக் தொடங்கியது. முதல் வருடம் எட்டுக் குழுக்கள், அவற்றில் ஒன்று உட்லண்ட்ஸ் வெலிங்டன். உட்லண்ட்ஸுக்கு எம்ஆர்டி வந்ததும் அதே வருடம் பிப்ரவரியில்தான். எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் பேட்டைக்கு ரயிலும் வந்துவிட்டது, காற்பந்துக் குழுவும் வந்துவிட்டது, இனி என்ன வேண்டும் என்று இருந்தது.

ஆட்டம் இருக்கும் நாளில் அப்பா கப்பல் பட்டறையிலிருந்து வந்து, குளித்து, சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொண்டு கிளம்புவார். கச்சாங் பூத்தே என்ற கடலைப் பொட்டலத்தைக் கூம்பாகச் சுருட்டி என் கையில் கொடுப்பார். முதல் பாதிக்குள் தீர்த்துவிடக் கூடாது என்பது ஒப்பந்தம். ஓடுதளம் நடுவில் இருந்ததால் ஆட்டக்காரர்கள் தூரத்தில்தான் தெரிவார்கள். ஆனாலும் மூலை உதைக்கு வரும் ஆட்டக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு திரும்பலுக்காகவே தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். முன்வரிசையில் ஒரு மலாய்க்காரப் பாட்டி ரெஃப்ரியைத் திட்டும் அழகில் அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. மழை வந்தால் எங்கள் குடைக்குள் வந்துவிடுவார்.

வெலிங்டன் லீக்கை ஒருமுறைகூட வென்றதில்லை. பல வருடங்கள் பட்டியலில் கீழேதான். ஆனால் 2007இல் லீக் கிண்ணம் என்ற தனிப் போட்டி முதன்முதலாக நடத்தப்பட்டபோது, இறுதியாட்டத்தில் செங்காங் பொங்கோலை 4-0 என்று வென்றது எங்கள் குழு. அன்றைக்கு அப்பா அழுதார். தாத்தா இறந்தபோதுகூட என் முன்னால் அழாதவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2014 பருவம் முடிந்ததும் லீக்கைப் பன்னிரண்டு குழுக்களிலிருந்து பத்தாகக் குறைத்தார்கள். உட்லண்ட்ஸ் வெலிங்டனை ஹவ்காங் யுனைடெட்டுடன் இணைத்தார்கள். இணைப்பு என்று பேர். மிஞ்சியது ஹவ்காங்கின் பெயர், ஹவ்காங்கின் மைதானம். உட்லண்ட்ஸுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த ஹவ்காங் யுனைடெட் யார் தெரியுமா? 1998இல் மரீன் காசல் யுனைடெட், பிறகு செங்காங் மரீன், பிறகு செங்காங் பொங்கோல், 2011 முதல் ஹவ்காங். நாங்கள் 2007இல் நாலு கோல் போட்டு வென்ற அதே குழு! 2022இல் அவர்கள் சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றபோது அதைத் தங்கள் முதல் கிண்ணம் என்று கொண்டாடினார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சரிதான். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஹவ்காங் ரசிகர்கள் உயிரைக் கொடுத்துக் கத்துகிறவர்கள். ஆனால் அப்படியானால் 2007 கிண்ணம் யாருடையது? இரண்டு குழுக்கள் ஒன்றாயின என்பது நிஜமென்றால் அதுவும் புதிய குடும்பத்தின் கணக்கில் வந்திருக்க வேண்டுமே. வரவில்லை. அதனால் அதை இணைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் குழுவை மூடினார்கள்.

கூட்டம் வரவில்லை, பணம் இல்லை, என்ன செய்வது என்பார்கள். கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் இந்த லீக்கின் குழுக்கள் பல வருடங்களாக மானியத்தையும் கிளப் ஹவுஸில் வைத்த ஜாக்பாட் சூதாட்ட இயந்திரங்களையும் நம்பித்தான் ஓடின. சீட்டு வாங்கி வந்து உட்காரும் அக்கம்பக்கத்து ஆளை நம்பி ஓடவில்லை. அவரை நம்பாத குழு அவருக்காக எதையும் காப்பாற்றி வைக்காது. கேலாங் குழு தெம்பனிஸ் ஹப் அரங்கத்தில் ஆட வேண்டியதாயிற்று. தெம்பனிஸ் ரோவர்ஸ் அரங்கம் கட்டி முடியும்வரை ஊர் ஊராக அலைந்து 2017இல்தான் வீடு திரும்பியது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் குடைக்குள் வந்து நிற்கும் ஒரு பாட்டி விடுபட்டுப்போகிறார். அப்புறம் கூட்டம் எங்கே என்று கேட்டால் எப்படி?

குழுவைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வந்தால் முதல் ஆளாகச் சீட்டு வாங்குவேன், அது வேறு. நான் கேட்பது ஒரு பலகை. உட்லண்ட்ஸ் விளையாட்டரங்க வாசலில், உட்லண்ட்ஸ் வெலிங்டன் இங்கே ஆடியது, 1996 முதல் 2014 வரை, 2007இல் கிண்ணம் வென்றது என்று நாலு மொழியிலும் எழுதி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? இந்த வட்டாரத்தில் வளரும் பிள்ளைகள் இங்கிலாந்துக் குழுக்களின் வரலாற்றை ஒப்பிக்கிறார்கள். தங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஒரு குழு இருந்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

1996க்கும் 2014க்கும் இடையில் அங்கே எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அப்பாவிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு நுழைவுச்சீட்டு. ஏதோ ஒரு மழை நாளில் பையிலேயே நனைந்தது, குழுவின் பெயரில் பாதிதான் படிக்க முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு அதை எடுத்து என் மகனிடம் கொடுத்தார். அவன் மீதிப் பெயரைக் கேட்டு, பென்சிலால் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறான்.