டிரைவரை வீட்லயே வச்சிட்டு வாங்க

2025 அக்டோபர்ல நம்ம டெல்லி கோல்ஃப் கிளப்ல இங்கிலாந்து ஆட்டக்காரர் டாமி ஃப்ளீட்வுட் 22 அண்டர் (அதாவது பார்னு நிர்ணயிச்ச அடிக் கணக்கை விட 22 கம்மி) அடிச்சு ஜெயிச்சாலும் ஜெயிச்சாரு, ஆர்.கே.புரம் கோல்ஃப் கோஷ்டில இன்னிக்கி வரைக்கும் அதே புலம்பல்தான். பழைய கோர்ஸ், சின்ன கோர்ஸ், இந்தக் காலத்து ஆட்டக்காரங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபின்னு. எனக்கு சுத்தமா உடன்பாடு இல்ல.

சரி, ஜுஜுபின்னே வச்சுப்போம். அப்புறம் ஏன் ரோரி மெக்கில்ராய், உலகத்துலயே டிரைவரை (ரொம்ப தூரம் அடிக்கிற பெரிய மட்டை) அவ்ளோ அழகா அடிக்கிற மனுஷன், இந்த வாரம் நான் டிரைவரையே எடுக்கப் போறதில்லன்னு முன்னாடியே சொன்னாரு? அந்த கிளப்போட லோதி கோர்ஸ்ல டீல (முதல் அடி அடிக்கிற இடம்) நின்னு பாத்தா புரியும். ஃபேர்வே (புல்லு வெட்டி வச்ச பாதை) ஒரு சந்து மாதிரி நேரா போகும், ரெண்டு பக்கமும் முள்ளு மரமும் புதரும் அப்பிக் கிடக்கும். மத்த கோர்ஸ்ல பால் கோணலா போனா ரஃப்ல (ஓரத்து நீளப் புல்லு) இருக்கும், போய் ஒரு வெட்டு வெட்டி வெளிய எடுத்துடலாம். இங்க புதருக்குள்ள போயிடுச்சுன்னா முன்னாடி நிக்கிற ஆகேவாலா (பால் எங்க விழுதுன்னு பாத்துச் சொல்றவர்) கையை ஆட்டும்போதே வயிறு கலங்கிடும். ஏன்னா பால் கிடைச்சாலும் பிரயோஜனம் இல்ல. அன்ப்ளேயபிள், அதாவது அடிக்க முடியாதுன்னு சொல்லி ஒரு ஷாட் பெனால்டி வாங்கிட்டு ரெண்டு கிளப் (மட்டை) தூரம் தள்ளி டிராப் பண்ணலாம்னா அந்த ரெண்டு கிளப் தூரமும் புதருக்குள்ளயேதான், பின்னாடி போலாம்னா அங்கயும் புதர், கடைசில தலையைத் தொங்கப் போட்டுட்டு திரும்ப டீக்கே நடக்கணும். ஒரே அடியில பார் 4 (நாலு அடில முடிக்க வேண்டிய குழி) எட்டாயிடும்.

அதான் விஷயமே. நாலு நாளும் புதர் பக்கம் போகாதவனுக்கு 22 அண்டர் வரும், ஒரு தடவை ஆசைப்பட்டவன் அவ்ளோதான். ஃப்ளீட்வுட் அடிச்சது பூரா நேர் கோடு, எங்க விழணுமோ அங்க. இதை ஈஸின்னு சொல்றவங்க லாடோ சராய் குதுப் கோர்ஸ்ல (நானும் அங்கதான் மாரடிக்கிறேன்) ஒரு ரவுண்டு முழுக்க அயர்ன்ல (டிரைவரை விடச் சின்ன இரும்பு மட்டை) டீ ஆஃப் பண்ணி எத்தனை ஃபேர்வே கிடைக்குதுன்னு எண்ணிப் பாருங்க.

இந்தக் குணம் தானா வந்ததும் இல்ல. முதல் இந்தியன் ஓப்பன் 1964ல இங்கதான் நடந்துச்சு, ஜெயிச்சது ஆஸ்திரேலியாக்காரர் பீட்டர் தாம்சன், பிரிட்டிஷ் ஓப்பனை அஞ்சு தடவை தூக்கினவர். எழுபதுகள்ல இந்தக் கோர்ஸை மாத்தி அமைச்சதும் அவரேதான். அவரோட ஆட்டத்துல பலம் பெரிசில்ல, பாலை எங்க வைக்கணும்கிற கணக்குதான் பெரிசு, அதையே இங்க வர்ற எல்லார்கிட்டயும் கேக்குறாருன்னு எனக்குத் தோணும். 1991ல இங்க கேடியா (ஆட்டக்காரங்க மட்டைப் பையைத் தூக்கறவர்) வளர்ந்த அலி ஷேர் இதே இடத்துல இந்தியன் ஓப்பனை ஜெயிச்சாரு பாருங்க, அந்தக் கோப்பையை வாங்கின முதல் இந்தியர். ஒவ்வொரு சந்தும் தெரிஞ்ச ஆளுக்கு இந்தக் கோர்ஸ் வழிவிடும்.

எனக்குக் குறை இருக்கறது க்ரீன்லதான் (குழி இருக்கற புல்தரை). 2019ல கேரி பிளேயர் டிசைன்ல எல்லாத்தையும் கொத்தி புதுசா போட்டாங்க. புல்லு நல்லாத்தான் இருக்கு, ஆனா சில க்ரீன்ல அந்த மேடு பள்ளம் கொஞ்சம் ஓவர். டீலேருந்து க்ரீன் வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி வந்தவனை அங்க போய் மறுபடி சறுக்கி விடறது எதுக்கு? கஷ்டம்தான் ஏற்கெனவே வெளிய வேலி போட்டு நிக்குதே.

லால் பங்களா, பன்னிரண்டு தூண் மண்டபம்னு பழைய காலத்துல கட்டினதெல்லாம் உள்ள நிக்குது, மயில் குறுக்க நடக்குது, அதைப் பத்தி எல்லாரும் போட்டோ போட்டாச்சு, விடுங்க.

இப்ப எங்க கோஷ்டில ஒரு மாமா புதுசா ஒண்ணு கிளப்புறாரு, பெரிய டோர்னமென்ட் வருது, கூட்டம் நிக்க இடமில்ல, புதரை கொஞ்சம் வெட்டி அகலம் பண்ணினா என்னன்னு. மாமா, அதை வெட்டினா மிச்சம் இருக்கறது நெசமாவே ஒரு சின்ன கோர்ஸ்தான், அப்ப 22 இல்ல, 30 அண்டர் அடிப்பாங்க. கூட்டத்துக்கு இடம் வேணும்னா டிக்கெட்டைக் குறைங்க.